மூன்று லிட்டர் வாஃபிள் மாவு

ஹெஸ்டோய் தீவு
28 அக்டோபர் 2003

தோருன்,

ஏழு தடவை போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறாய் என்று தெரியும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்தால் நாலு மணிக்கு மேல் நீ எங்கே போவாய்? எடுக்காதவளுக்குக் கடிதம்தான் வழி. இங்கே வாரத்துக்கு இரண்டு நாள்தான் தபால் படகு. யோசித்துப் பதில் எழுத உனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

பிள்ளை சுன்னிவாவைக் கூட்டிக்கொண்டு என் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் தம்பி சொல்லியிருப்பான். அவன் எப்படிச் சொன்னானோ, நான் என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் தேதி சனிக்கிழமை, அரங்கில் பிள்ளைகளுக்கு ஹேண்ட்பால் ஆட்டம். எனக்குத் துறைமுக ஆபீசில் வேலை, உன் தம்பி ஆர்வித்தான் சுன்னிவாவோடு போனான். சாப்பிடுவதற்கு முன் விரலில் குத்திப் பார்த்திருக்கிறான், சர்க்கரை ஏழு. நல்ல அளவு. கவுண்டரில் இரண்டு தட்டு வாஃபிள் வாங்கிக் கொடுத்தான். அந்த அரங்கு வாஃபிளை நான் தராசில் வைத்து எடை போட்டு என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு தட்டு, இதய வடிவில் ஐந்து துண்டு, முப்பத்திரண்டு கிராம் மாவுச்சத்து. இரண்டு தட்டுக்கு, ஆட்டம் இருக்கிற நாளில், மூணு யூனிட் இன்சுலின். மூணுதான் போட்டேன் என்கிறான்.

முக்கால் மணி நேரத்தில் பிள்ளை வலிப்பு வந்து படிக்கட்டிலிருந்து உருண்டுவிட்டாள். முன்பல் இரண்டு போச்சு, இடது மணிக்கட்டு உடைந்தது. ஆம்புலன்சில் பார்த்தபோது சர்க்கரை ஒன்று புள்ளி இரண்டு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு தட்டு வாஃபிள் சாப்பிட்ட குழந்தைக்கு மூணு யூனிட்ல இவ்வளவு இறங்காதும்மா. ஆறு யூனிட்டாவது போயிருக்கணும். மறந்துபோய் ரெண்டு தரம் போட்டிருக்கலாம்" என்றார். அந்த இன்சுலின் ஊசிப் பேனாவுக்கு ஞாபகம் கிடையாது. எத்தனை போட்டாய் என்று அதைக் கேட்க முடியாது.

உன் தம்பி காருக்குள் சாவியை வைத்துப் பூட்டுகிறவன். அடுப்பில் காபியை வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போகிறவன். பதினொரு வருஷமாக நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போதும் அவன் "ஆமா ஹெர்டிஸ், ரெண்டு தரம் போட்டுட்டேன், மறந்துட்டேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் நாளைக்கே படகு ஏறி வருவேன். மறதிக்காரனோடு குடித்தனம் நடத்த எனக்குத் தெரியும். பொய்க்காரன் கையில் ஊசியையும் பிள்ளையையும் கொடுக்கத் தெரியாது.

நீ அவனுக்கு அக்கா. நீ சொன்னால் கேட்பான். சொல்ல வை.

ஹெர்டிஸ்


நெஸ்விக்
5 நவம்பர் 2003

அன்புள்ள ஹெர்டிஸ்,

போன் எடுக்காததற்கு மன்னித்துவிடு. சமையலறையில் ஒரு ஆள் குறைவு, நாற்பத்திரண்டு முதியவர்களுக்கு நானும் இன்னொருத்தியுமாகச் சமைக்கிறோம். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரத்தான் தோன்றுகிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சுன்னிவாவின் பல் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குக் கையுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். இடது கை கட்டுக்கு மேலே போடுகிற மாதிரி அகலமாக. காலையில் அவளுக்கு ரொட்டியை விட ஓட்ஸ் கஞ்சி நல்லது, மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை குதிக்காது. நீ இதைப் படித்ததும் உதட்டைச் சுழிப்பாய், தெரியும். செப்டம்பரில் பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து, அரங்கு வாஃபிளில் பாதி மைதாவுக்குப் பதில் ஓட்ஸ் போடலாம், சர்க்கரையைக் குறைக்கலாம் என்றபோதும் அப்படித்தான் சுழித்தாய். பியோர்க், "தோருன், நம்ம பிள்ளைங்க என்ன குதிரையா, தீனி போட?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சரி, அவள் அப்படித்தான். ஆனால் கை தூக்கச் சொன்னபோது பதினான்கு கை எனக்கு எதிராக எழுந்தது, அதில் ஒன்று உன்னுடையது. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு! அதை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது எழுத வேண்டிய விஷயம் இல்லைதான், எழுதிவிட்டேன்.

ஆர்வித்திடம் பேசுகிறேன். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. மனிதன் மறக்கலாம், யார் கண்டது. அன்று நான் அங்கே இல்லை. காலையில் மாவு வாளியைக் கவுண்டரில் வைத்துவிட்டு நேராக வேலைக்குப் போய்விட்டேன்.

இங்கே மழையும் பனியுமாக வழுக்குகிறது. பத்திரமாக இரு.

தோருன்


ஹெஸ்டோய்
16 நவம்பர் 2003

தோருன்,

கையுறை வந்தது, நன்றாக இருக்கிறது. சுன்னிவா போட்டுக்கொள்கிறாள்.

கை தூக்கியதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். ஆமாம், தூக்கினேன். ஏன் தெரியுமா? அந்த ஊரில் என் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போல வரிசையில் நின்று, எல்லோரும் தின்கிற அதே வாஃபிளை வாங்கித் தின்கிற ஒரே இடம் அந்தக் கவுண்டர். அதற்காகத்தான் எடை போட்டு, கணக்குப் பண்ணி, நோட்டில் எழுதி வைத்தேன். உன் ஓட்ஸ் வந்தால் அவளால்தான் வந்தது என்று மற்றப் பிள்ளைகள் அவளைத்தான் முறைத்திருக்கும். நீ நல்லதுதான் சொன்னாய். சொன்ன விதம் இருக்கிறதே! நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு விஷம் வைக்கிறவர்கள் மாதிரி, நீ ஒருத்திதான் தாய் மாதிரி. முதியோர் இல்லத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து உன்னோடு காபி குடிக்கவே பயமாக இருக்கிறது. பிஸ்கட்டை எடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பாடம் நடத்துகிறாய்.

இப்போது சுன்னிவா எப்படி இருக்கிறாள் கேள். நான் அவள் கண் முன்னால் தராசில் வைத்துக் காட்டாமல் ஒரு துண்டு ரொட்டி கூடத் தொடமாட்டாள். இந்தத் தீவுப் பள்ளியில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். ஒருத்திக்குப் பிறந்தநாள், கேக் கொடுத்தார்கள். இவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் நீட்டி, "இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியலம்மா" என்றாள். எட்டு வயசு. அப்பா வந்து ஊசி போட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன் என்றாள்.

உன் தம்பி கடிதம் போட்டிருக்கிறான். நாலு வரி. நாலாவது வரியில் மறுபடியும் மூணு.

ஹெர்டிஸ்


நெஸ்விக்
27 நவம்பர் 2003

அன்புள்ள ஹெர்டிஸ்,

நான் நிறைய யோசித்துப் பார்த்தேன். அந்த ஊசிப் பேனாவிலேயே ஏதாவது பழுது இருக்கலாம் இல்லையா? ஒன்று திருப்பினால் இரண்டு போகிற மாதிரி? அல்லது அன்று ஆட்டத்தில் அதிகமாக ஓடியிருக்கலாம். டாக்டர் சொல்வதெல்லாம் வேதம் இல்லை. ஆர்வித்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதே, ஹெர்டிஸ். தயவுசெய்து.

அவன் இப்போது தினமும் சாயங்காலம் என் சமையலறையில் வந்து உட்காருகிறான். ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. மீன் வறுத்து வைத்தால் முள்ளை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்குகிறான், மீனைத் தின்பதில்லை. நேற்று, "அக்கா, நான் மூணுதான் போட்டேன். சன்னல் வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துப் போட்டேன். நீயாவது நம்புறியா?" என்று கேட்டான்.

"நம்புறேன்டா. சாப்பிடு" என்றேன்.

"நம்புறேன்னா அவகிட்ட எழுது."

இதோ எழுதுகிறேன். நான் அவனை நம்புகிறேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் லீவ் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவன் போன பிறகு வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பத்து வயசுப் பெண் தாயை அப்படிப் பார்க்கக் கூடாது. போய்ப் படு என்று அதட்டினேன்.

சுன்னிவாவுக்குக் காட்டேஜ் சீஸ் கொடு. மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை, பல்லுக்கும் எலும்புக்கும் நல்லது.

தோருன்


ஹெஸ்டோய்
8 டிசம்பர் 2003

தோருன்,

நேற்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் இரண்டாம் ஞாயிறு. இரண்டு மெழுகுவத்தி ஏற்றினோம். இங்கே இப்போது சூரியன் எழுவதில்லை, மத்தியானம் ஒரு மணி நேரம் வானம் நீலமாக இருக்கும், அவ்வளவுதான். பிள்ளையின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் அம்மாவின் பழைய வாஃபிள் அச்சைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். அரங்கில் செய்கிற அதே மாதிரி: மைதா, முட்டை, பால், சர்க்கரை, உருக்கிய வெண்ணெய், ஏலக்காய். எல்லாவற்றையும் அவள் கண் முன்னால் எடை போட்டேன். முதல் இதயத்தைப் பிய்த்து வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கு இருந்த மாதிரி இல்லையேம்மா. அன்னைக்கு ஏலக்காய் ரொம்பத் தூக்கல். அப்புறம் பல்லுல குட்டிக் குட்டியா விதை மாட்டிக்கிச்சு. நாக்கால எடுத்துக்கிட்டே இருந்தேன்."

"என்ன விதை?"

"பழுப்பா இருந்துச்சு. அப்புறந்தான் எனக்குப் பல்லே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

குழந்தை பேச்சு, ஞாபகம் குழம்பியிருக்கும். ஆனாலும் கேட்டு வைக்கிறேன். பதினோராம் தேதி கவுண்டருக்கு மாவு கொண்டுவந்தது யார் முறை? முறைப் பட்டியல் உன்னிடம்தானே இருக்கும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். நம் ஊரில் வாளி மூடியில் அவரவர் பேரை மறக்காமல் எழுதுவோம், வாளி திரும்பி வர வேண்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. வாஃபிள் மாவு என்றால் வாஃபிள் மாவு.

ஹெர்டிஸ்


நெஸ்விக்
17 டிசம்பர் 2003

அன்புள்ள ஹெர்டிஸ்,

கிறிஸ்துமஸ் பொட்டலம் தனியாக வருகிறது. சுன்னிவாவுக்கு ஸ்வெட்டர், உனக்கு எங்கள் சமையலறையில் செய்த ஆட்டுக்கறி சாசேஜ். உப்பு குறைவாகத்தான் போட்டேன்.

பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தாய். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, பழைய செய்தித்தாளோடு போய்விட்டது போலிருக்கிறது. அப்படியே இருந்தாலும் அதில் என்ன தெரியப்போகிறது? இரண்டு மூன்று பேர் கொண்டுவந்ததை ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா. நான் ஒரு வாளி வைத்தேன், பியோர்க்கும் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் எப்போதும் ஏலக்காயை அள்ளிக் கொட்டுகிறவள்தான். அவளைக் கேட்டு வம்பு பண்ணாதே, வாய்க்காரி.

விதை என்கிறாள் குழந்தை. வாஃபிள் மேல் வைக்கிற பழுப்புச் சீஸ் துணுக்காக இருக்கும்.

வருகிற வருஷமாவது எல்லாம் சரியாகட்டும்.

தோருன்


ஹெஸ்டோய்
2 ஜனவரி 2004

தோருன்,

நான் கேட்டது கிடைத்துவிட்டது. உன் தம்பி எழுதியிருக்கிறான். அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"ஹெர்டிஸ், நீ சொன்னதுதான் சரி. ரெண்டு தரம் போட்டிருக்கேன். இப்போ நினைச்சுப் பார்த்தா ஞாபகம் வருது. மூணு போட்டேன், சுன்னிவா கையுறையைத் தேடினேன், திரும்பி வந்து மறுபடி மூணு போட்டேன். என்னை நம்பி அவளை விடாதே. நானே என்னை நம்பல."

குடும்பநல அலுவலகத்தில் போய்க் கையெழுத்தும் போட்டுவிட்டானாம், டிசம்பர் 29. இனி வேறு பெரியவர் யாராவது கூட இருந்தால்தான் அவன் சுன்னிவாவைப் பார்க்கலாம். யாரும் கேட்காமலே போட்டிருக்கிறான். பன்னிரண்டாம் தேதி வடக்கே பாரென்ட்ஸ் கடலுக்குப் போகிற இழுவலை மீன்பிடிக் கப்பலில் ஏறுகிறான். ஏப்ரல் வரை வரமாட்டான்.

ஒரு வாக்கியம் சொன்னால் படகு ஏறுவேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டான். நான் ஏறவில்லை.

அவன் கப்பல் ஏறுவதற்கு முன் அவனிடமோ என்னிடமோ சொல்ல வேண்டியது ஏதாவது உன்னிடம் இருந்தால், உனக்குப் பத்து நாள் இருக்கிறது. போனை நான் எடுப்பேன்.

ஹெர்டிஸ்


நெஸ்விக்
19 ஜனவரி 2004

ஹெர்டிஸ்,

அவன் போய்விட்டான். துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பினேன். சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை. போனை நாலு தரம் எடுத்தேன், உன் நம்பரில் பாதி வரைக்கும் அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். எழுதித்தான் சொல்ல முடிகிறது. இதையும் மூன்று தடவை கிழித்துப் போட்டு நாலாவது தடவை எழுதுகிறேன்.

அன்று மாவு என்னுடையது. என்னுடையது மட்டும்தான். பியோர்க் எதையும் கொண்டுவரவில்லை. மூன்று லிட்டர், மூடியில் என் பேர். அது வழக்கமான மாவு இல்லை. ஓட்ஸ், காட்டேஜ் சீஸ், முட்டை, பாதாம், பொடித்த ஆளிவிதை. மைதா ஒரு கரண்டி கூடக் கிடையாது. சர்க்கரைக்குப் பதில் சர்க்கரை இல்லாத இனிப்புத் துளி. ஆளிவிதையின் வாசனை தெரியாமல் இருக்க ஏலக்காயை இரண்டு மடங்கு போட்டேன்.

ஏன் செய்தேன்? கூட்டத்தில் சிரித்தீர்களே, அதற்காக. உங்களுக்குத் தெரியாமல் சீசன் முழுக்க இதையே கொடுக்க வேண்டும். பிறகு கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இத்தனை நாளா நீங்க ரசிச்சுத் தின்னீங்களே, அது குதிரைத் தீனிதான்" என்று சொல்ல வேண்டும். பியோர்க்கின் முகம் எப்படிப் போகும் என்று வேலை செய்யும்போதெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அதுதான் முதல் வாளி. லீவ் முட்டை உடைத்துக் கொடுத்தாள். வெளியே சொல்லக் கூடாது, இது நமக்குள் விளையாட்டு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். இன்றுவரை அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. என் பேச்சைக் காப்பாற்றுகிறாள்.

சுன்னிவாவை நினைக்கவே இல்லையா என்று கேட்பாய். நினைத்தேன். இது அவளுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். மாவுச்சத்து குறைந்தால் நல்லதுதானே என்று. உன் நோட்டும் ஊசியும் அந்தப் பழைய வாஃபிளுக்குக் கணக்குப் பண்ணியது என்பது, சத்தியமாக, வாளியை வைத்துவிட்டு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் செய்தி வந்த அந்த நிமிஷம் வரைக்கும் என் மண்டையில் ஏறவில்லை. ஏறினவுடனே எல்லாம் புரிந்துவிட்டது. அவன் மூணுதான் போட்டான். மூணு சரிதான். மாவுதான் வேறு.

முதல் நாள் சொல்லியிருந்தால் பல்லோடும் கையோடும் போயிருக்கும். முதல் நாள் பயம். இரண்டாம் நாள் ஆர்வித் மேல் பழி விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தோருன்


ஹெஸ்டோய்
30 ஜனவரி 2004

தோருன்,

எனக்குத் தெரியும். டிசம்பர் ஏழிலிருந்து தெரியும்.

முறைப் பட்டியல் ஒன்று என் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டியிருந்தது. கிளம்பும்போது சுன்னிவாவின் நோட்டோடு அதையும் சேர்த்து எடுத்துவந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் விதை என்று சொன்னதும் எடுத்துப் பார்த்தேன். 11 அக்டோபர்: தோருன், மூன்று லிட்டர். ஒரே பேர்தான். இந்த ஊர் உலகத்தில் வாஃபிளில் விதை போடுகிறவள் உன்னைத் தவிர எவள்? மறுநாள் உனக்கு அந்தக் கேள்வியை எழுதும்போது பட்டியல் என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ பியோர்க்கைக் காட்டினாய்.

உன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன். சொந்தத் தம்பியை எத்தனை நாள் நெருப்பில் நிற்க வைக்கிறாய் பார்க்கலாம் என்று. கப்பல் போகிற வரைக்கும் நிற்க வைத்தாய். முதியவர்களுக்கு உப்பைக் கிராம் கிராமாகக் குறைக்கிற உன் நல்ல மனசு இவ்வளவுதான்.

இன்னொன்று கேள், இதைச் சொல்ல எனக்கே வயிறு எரிகிறது. நான் குத்துமதிப்பாக உன் மாதிரியே செய்து பார்த்தேன். ஓட்ஸ், காட்டேஜ் சீஸ், முட்டை, ஆளிவிதை. எடை போட்டு, கணக்குப் பண்ணி, அதற்குத் தகுந்த மாதிரி ஒரே ஒரு யூனிட் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை ஏழு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு வருஷத்தில் எந்த வாஃபிளுக்கும் அப்படி நின்றதில்லை. தட்டைக் காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்டாள். அவளுக்காகவே பிறந்த சாப்பாடு, தோருன். நீ சரி, நாங்கள் பதினான்கு பேரும் தப்பு. ஒரு வார்த்தை, வாளி மூடியில் உன் பேருக்குக் கீழே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் பிள்ளைக்குப் பல் இருக்கும், அப்பா இருப்பான்.

அளவைக் கிராம் கணக்கில் எழுதி அனுப்பு. அவளுக்காகக் கேட்கிறேன், உனக்காக இல்லை. நேரில் வராதே.

ஹெர்டிஸ்


நெஸ்விக்
12 பிப்ரவரி 2004

ஹெர்டிஸ்,

அளவு தருகிறேன். முட்டை நாலு. காட்டேஜ் சீஸ் 250 கிராம். ஓட்ஸ் 100 கிராம், பொடித்தது. பாதாம் பொடி 60. ஆளிவிதைப் பொடி 30. பால் 100 மில்லி. உருக்கிய வெண்ணெய் 30. ஏலக்காய்ப் பொடி ஒரு தேக்கரண்டி போதும், அன்று நான் போட்டது இரண்டு. உப்பு ஒரு சிட்டிகை. பத்து நிமிஷம் ஊறவிட்டு ஊற்று, ஆறு தட்டு வரும். தட்டுக்குப் பன்னிரண்டு கிராம் மாவுச்சத்து. இனிப்புத் துளியை விட்டுவிடு, அது உங்களை ஏமாற்றுவதற்காகப் போட்டது.

செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் முன்பு கனவு கண்ட அதே இடத்தில் நின்றுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பியோர்க் எழுந்து, "இனிமே நீ எதையும் கொண்டுவர வேணாம், தோருன்" என்று மட்டும் சொன்னாள். பட்டியலில் என் பேரை அடித்துவிட்டார்கள். லீவ் அணியை விட்டு விலகிவிட்டாள், அவளாகவே.

கப்பலுக்கும் போன் போட்டேன். இரைச்சலில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கேட்டான்:

"அப்போ நான் மூணுதான் போட்டேனா, அக்கா?"

"மூணுதான்டா."

"ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே. ரெண்டாவது தரம் போட்டது. அவ கை சில்லுன்னு இருந்தது. 'மறுபடியுமாப்பா'ன்னு அவ கேட்டது. எல்லாம் ஞாபகம் இருக்கே."

அப்படி ஒன்று நடக்கவில்லை, ஹெர்டிஸ். நீ கேட்ட வாக்கியத்தைச் சொல்வதற்காக அவன் அதை ஒவ்வொன்றாக உண்டாக்கி, தானே நம்பி, அதோடு கடலுக்குப் போயிருக்கிறான். இதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். நான் செத்தாலும் அது போகாது. ஆனால் நீயும் ஒரு தேதியைப் பார்த்துக்கொள். உனக்குத் தெரிந்தது டிசம்பர் ஏழு. அவன் கையெழுத்துப் போட்டது டிசம்பர் இருபத்தொன்பது. இடையில் மூன்று வாரம், ஆறு தபால் படகு. நீ என்னைப் பிடிக்கக் கண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் கண்ணியில் கிடந்தது அவன்.

கடைசியாக அவன் கேட்டான், "ஹெர்டிஸுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டான். நான் ஏற்கெனவே போதுமான அளவு பொய் சொல்லிவிட்டேன், அதனால் தேதியையும் சொன்னேன். அவன் போனை வைக்கவில்லை. இஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான்தான் வைத்தேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் கப்பல் கரைக்கு வரும். அவன் எந்த வீட்டுக்கும் வருவான் என்று தோன்றவில்லை.

மேலே எழுதிய அளவை எல்லாம் நேற்று மறுபடியும் எடை போட்டுச் சரிபார்த்துவிட்டேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை.

தோருன்